பூப்பறிக்கப் போகும் பிள்ளைகள்

ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் ஊரின் தலபுராணத்தை ஆண்டுக்கு ஒருமுறை பத்து மாலைகளில் வாசித்து முடிப்பார்கள். மாலைக்கு ஒரு சருக்கம். ஒன்பதாம் மாலை, கடவுள் வாழ்த்து முடிந்ததும் வாசிப்பவர் தலையை உயர்த்தி, "பிள்ளைகள் பூப்பறிக்கப் போகலாம்" என்பார். பிள்ளைகள் கூடைகளோடு நந்தவனத்துக்கு ஓடுவார்கள். கூடத்தின் கதவு சாத்தப்படும்.

அந்த வரி சுவடியில் இல்லை. ஆயினும் எவரும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

ஐம்பது ஆண்டுகள் வாசித்தவர் வடிவாம்பிகை அம்மையார். பார்வை மங்கியதால் இவ்வாண்டு சுவடியைத் தம் மாணவரான கூத்தபிரானிடம் ஒப்படைத்திருந்தார். கூத்தபிரானுக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளி ஆசிரியர்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் அம்மையாரிடம் வந்தார்.

"அம்மா, என் மகள் உமையாள் இன்று பூப்பறிக்கப் போகமாட்டேன் என்கிறாள். பதினொரு வயதுதான் ஆகிறது. இந்தச் சருக்கத்தை எந்த வயதில் கேட்கலாம்?"

அம்மையார் திருப்பிக் கேட்டார்.

"புராணத்தில் வரும் கோதிலாளைப் பற்றி உன் மகளுக்கு என்ன தெரியும்?"

"எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். கோபக்காரி. ஊரைச் சபித்து மணலில் மூடினாள். ஒரு வீட்டை மட்டும் விட்டுவைத்தாள்."

"யார் சொன்னார்கள்?"

"பத்தாம் சருக்கத்தில் வருகிறதே. தவிர, ஊரே சொல்கிறது. பெண் குரலை உயர்த்தினால், கோதிலாளைப் போலக் கத்தாதே என்கிறோம். முந்தாநாள் உமையாள் படித்துறையிலிருந்து ஓடிவந்து ஏதோ கத்தினாள். நானும் அப்படித்தான் சொன்னேன்."

"என்ன கத்தினாள்?"



"கேட்கவில்லை அம்மா."

அம்மையார் பலகையில் இருந்த சுவடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒன்பதாம் சருக்கத்தை வாசி."

"இப்போதா? உங்கள் எதிரிலா?"

"எனக்கு எழுபத்து நான்கு வயது. போதுமா?"

கூத்தபிரான் சிரித்துவிட்டார். பிறகு வாசித்தார்.

சிறுவயதில் அவரும் ஒன்பதாம் மாலைகளில் பூப்பறித்தவர். வளர்ந்த பின்பு அந்தச் சருக்கத்தை அரைமனதாய்க் கேட்டதுண்டு, அதன் மீது கண்களை ஓட்டியதுண்டு, வாய்விட்டு வாசித்ததில்லை. நாற்பது பாட்டுகள். ஆற்றுக்கு நீரெடுக்கப் போன கோதிலாளை அரசன் பலவந்தப்படுத்தியது முதல் பாட்டில் வந்தது. நான்கே அடிகள். நான்காம் அடியில் குடம் உடைந்தது. அவ்வளவுதான்.

எஞ்சிய முப்பத்தொன்பது பாட்டுகளும் ஒரே தெருவைப் பற்றியவை. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். நடந்ததைச் சொல்கிறாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கிறது. உறவினர் வீடு, புலவர் வீடு, நீதிபதி வீடு. ஆறு வீடுகள், ஆறு தாழ்ப்பாள்கள். ஏழாவது வீட்டில் பெரியவர்கள் இல்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, "என்ன ஆயிற்று, அக்கா?" என்று கேட்கிறாள். அப்போதுதான் கோதிலாள் முதன்முறையாக அழுகிறாள்.

கூத்தபிரான் சுவடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு சொல் கூடுதலாக இல்லை, அம்மா. இதையா மறைத்துவந்தோம்?"

"புலவருக்கு நம்மைவிடக் கூச்சம் அதிகம். அதனால்தான் அரசன் செய்ததை நான்கு அடிகளில் முடித்தார். ஊர் செய்ததை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை."

"நீங்கள் ஏன் எங்களை வெளியே அனுப்பினீர்கள்?"

"என்னை அனுப்பினார்கள். நான் அனுப்பினேன். அதற்கு மேல் ஒரு காரணம் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது ஆண்டுகள் எண்ணினேன். இல்லை."

"ஆனால் வயது? அதற்கு நீங்கள் விடை சொல்லவில்லையே."

"முதலில் வீட்டுக்குப் போ. கேட்காமல் விட்டதைக் கேள்."

கூத்தபிரான் வீட்டுக்குப் போனார். மகளை எதிரில் உட்காரவைத்து, "முந்தாநாள் என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

உமையாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்போது மட்டும் எதற்கு?"

"அன்று நான் கேட்கவில்லை. என் தவறு. சொல், அம்மா."

பெண்கள் குளிக்கும் படித்துறையில், அரசமரத்துக்குப் பின்னால் நாள்தோறும் ஒருவன் நிற்பதை அவள் சொன்னாள். பெயரையும் சொன்னாள். கூத்தபிரான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது உச்சிவேளை கடந்திருந்தது. மறுநாள் முதல் அந்த மரத்தடியில் எவனும் நிற்கவில்லை.

அந்த ஒன்பதாம் நாள் மாலை கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடவுள் வாழ்த்து முடிந்தது. கூத்தபிரான் தலையை உயர்த்தாமல் முதல் பாட்டின் ஓலையை எடுத்தார்.

முன்வரிசையில் இருந்த தருமகர்த்தா வயிரவநாதர் கனைத்தார்.

"கூத்தபிரான், ஒரு வரி விட்டுப்போயிற்று."

"சுவடியில் இருப்பது எதுவும் விட்டுப்போகவில்லை, ஐயா."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வயிரவநாதர் தாமே எழுந்து கதவருகே போனார்.

"பிள்ளைகளே, நந்தவனத்துக்குப் போங்கள். கதவைச் சாத்த வேண்டும்."

உமையாள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"நந்தியாவட்டையைக் காலையிலேயே பறித்தாயிற்று, தாத்தா. இனி மொட்டுதான் இருக்கிறது. அதையும் பறிக்கட்டுமா?"

சிலர் சிரித்தார்கள். வயிரவநாதர் சிரிக்கவில்லை. ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடி அம்மையார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். நூலைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்க ஒரு வயது வர வேண்டாமா?"

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. கூடம் முழுவதற்கும் அது கேட்டது.

"நீங்கள் இதை அறுபது முறை கேட்டவர், ஐயா. ஏழாவது வீட்டில் கதவைத் திறந்தவளுக்கு என்ன வயது?"

வயிரவநாதர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.