குவியலுக்கு அந்தப் பக்கம்

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டிய நாச்சிமுத்துவுக்கு ஒரு பக்கெட் அடங்க மாட்டேன் என்றது.

அவர் ஓட்டியது லேசுப்பட்ட ரூட் இல்லை. வால்பாறை மலைப்பாதை. அத்தனை வளைவிலும் ஒரு கீறல் விழாமல் வண்டியை ஏற்றி இறக்கியதற்கு மெடல் கொடுத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், ஆனைமலை ரோட்டில் ஒரு நார்த்தூள் களத்தில், இடுப்புயரச் சின்ன டிராக்டர் மேல் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு இரும்புக் கை. கைகளின் நுனியில் பக்கெட். தேங்காய் மட்டையிலிருந்து வரும் தூளைக் களத்தில் காயவைத்துக் குவித்திருப்பார்கள். அதை அள்ளிக்கொண்டு போய்க் அழுத்திக் கட்டியாக்கும் மிஷினில் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொல்லிக்கொடுத்தவள் கோகிலவாணி. வயது இருபத்தொன்பது, வயிற்றில் ஏழு மாதம். ஆறு வருஷமாக அந்த டிராக்டர் அவள் கையில்தான் இருந்தது. இனி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பத்து நாள்ல யாருக்காவது பழக்கிவிடு. நீ சரின்னு சொன்னா அவங்க கையில சாவி. இல்லேன்னா வெளிய ஆள் பார்த்துக்கறேன்" என்றார் முதலாளி.

சாவி அவள் கழுத்தில் ஒரு கருப்புக் கயிற்றில் தொங்கியது.

நாச்சிமுத்துவுக்கு அந்தச் சாவி வேண்டும். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியும் விடிகாலை நாலரைக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் போவதற்கு ஓர் இடமில்லை. அந்த வலி அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் பக்கெட் நிறைய ஈரத்தூளை அள்ளி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"கீழ வைங்க" என்றாள் அவள்.

"கீழ வச்சா முன்னாடி தரை தெரியலையே அம்மிணி. ரோட்டப் பாக்காம எப்படி ஓட்டறது?"

களத்து மேட்டில் வண்டி திரும்பியது. பின்சக்கரம் ஒன்று ஒரு சாண் எழும்பியது. டிராக்டர் முன்னால் குனிந்தது. நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தார்.

"இப்பத் தரை தெரியுதுங்களா?"

"ரொம்பப் பக்கத்துல தெரியுது அம்மிணி."

"லிவர முன்னாடி தள்ளுங்க. மெதுவா."

பக்கெட் இறங்கியது. சக்கரம் தரையில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் பக்கெட்டை முழங்காலுக்கு மேல் கொண்டுபோனதே இல்லை, கொட்டும் நேரம் தவிர.

ஆள் கெட்டிக்காரர். நாலாம் நாள் அள்ளும் பதம் பிடிபட்டது. ஆறாம் நாள் ஒரு பிடி தூள் சிந்தாமல் மிஷின் வாயில் கொட்டினார். களத்துப் பொம்பளைகள் வாய்விட்டே மெச்சினார்கள்.

"இன்னும் என்ன பாக்கி? சாவியக் குடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

"ஒரு நடை நான் போறேன். பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் அவள்.

"டாக்டர்..."

"ஒரு நடைதானுங்க."

மெதுவாக ஏறினாள். குவியலுக்கு முன்னால் போய் நிறுத்தினாள். பக்கெட்டைத் தரையில் வைத்தாள். இன்ஜினை அணைத்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். வீடு மாதிரி நின்ற அந்தக் குவியலை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மறுபடி ஏறி, ஸ்டார்ட் பண்ணி, அள்ளினாள்.

முதல் நாளிலிருந்தே அவரையும் இப்படித்தான் நடையாய் நடக்க விட்டிருந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சுற்று. நாச்சிமுத்து தாமாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இவளை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், துணைக்கு நம்மையும் நடக்க விடுகிறாள், பாவம் பிள்ளைத்தாய்ச்சி என்று.

"மாசமா இருந்தா நடக்கறது நல்லதுதான்" என்றார் பெருந்தன்மையாக.

அவள் சிரித்துவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே நான் இப்படித்தானுங்க நடந்தேன்."

அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "பஸ்ஸுல பின்னாடி பாக்கறது கண்டக்டர் வேலை. அவன் விசில் குடுப்பான், நான் எடுப்பேன். இங்க விசில் குடுக்க யாரு?"

அவள் டிராக்டர் சாவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி குவியலைச் சுற்றி நடந்தாள்.

எட்டாம் நாள் மதியம். சாப்பாட்டு நேரம் முடிந்து நாச்சிமுத்து வண்டி எடுத்தார். கோகிலவாணி ஆபீஸ் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அள்ளி அள்ளிக் குவியல் பாதியாக மெலிந்திருந்தது. சாப்பிடப் போகும்போது சுற்றிப் பார்த்தாயிற்று, ஒரு ஈ காக்கை இல்லை. அரை மணி நேரத்துக்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று, இறங்காமலே பக்கெட்டைக் குவியலுக்குள் விட்டார். தூள் இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்து முட்டினார். குவியல் மொத்தமாக அந்தப் பக்கம் சரிந்தது.

குவியலின் ஓரத்திலிருந்து ஒரு எவர்சில்வர் மூடி உருண்டு வந்தது. வெயிலில் பளபளவென்று உருண்டு, களத்தின் நடுவில் சுற்றி விழுந்தது.

நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். பக்கெட்டை இறக்கினார். இன்ஜினை அணைத்தார். பிறகு ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

அந்தப் பக்கம் மருதாத்தாள், களத்தில் தூள் அள்ளிப் பரப்பும் கிழவி, இடுப்புவரை தூளுக்குள் கிடந்தாள். காது மந்தம். சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தலைமாட்டில் வைத்துக் கண்ணயர்ந்திருக்கிறாள். எழுந்து உட்கார்ந்து தூவென்று துப்பினாள்.

"ஏப்பா டிரைவரு, ஒரு மனுசி கொஞ்சம் தலை சாய்க்கக் கூடாதா? உசுரோட பொதைச்சிருவ போலிருக்கு!"

பொம்பளைகள் ஓடி வந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கொல்லென்று சிரித்தார்கள். மருதாத்தாளும் திட்டிக்கொண்டே சிரித்தாள். நாச்சிமுத்துவால் சிரிக்க முடியவில்லை. பக்கெட்டின் வாய்க்கும் அவள் காலுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சாப்பிடப் போறப்போ இங்க யாருமில்லையே ஆத்தா" என்றார்.

மருதாத்தாளுக்குச் சத்தமாக மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப இங்க வெயிலு. இப்பத்தானே நெழலு வந்துச்சு" என்றாள் அவள்.

அவர் ஷெட்டுக்குப் போனார். கோகிலவாணி எழுந்து பாதி தூரம் வந்திருந்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"முதலாளிகிட்டச் சொல்லிரு அம்மிணி. எனக்குச் சாவி வேண்டாம்."

அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஆறுச்சாமின்னு ஒரு கண்டக்டர்" என்றார் அவர், குடித்து முடித்து. "நான் ரிவர்ஸ் எடுக்கறப்பல்லாம், மழையானாலும் இறங்கிப் பின்னாடி போய் நிப்பான். எங்கூட பதினாலு வருஷம். ஏண்டா நனையறே, உள்ளேருந்தே விசில் அடிக்க வேண்டியதுதானேன்னு கிண்டல் பண்ணுவேன். மெடல் எனக்குக் குடுத்தாங்க. வாங்கிட்டு வந்துட்டேன்."

கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க" என்றாள் அவள்.

அவர் ராத்திரி முழுக்க வேண்டாம் என்றே நினைத்திருந்தார். நாலரைக்கு விழிப்பு வந்தது. எட்டுக்குக் களத்தில் நின்றார்.

ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அவள் காலையில் சாவியைக் கொடுத்தாள், சாயங்காலம் வாங்கிக்கொண்டாள். மருதாத்தாள் இப்போதெல்லாம் குவியல் பக்கமே போவதில்லை. தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் படுத்துக்கொண்டாள். மற்றவர்களும் அங்கேதான்.

பத்தாம் நாள் சாயங்காலம் நாச்சிமுத்து பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை அணைத்தார். சட்டையெல்லாம் தூள். முழங்கால் வலி எடுத்திருந்தது. சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் எதற்காகவோ காத்திருப்பது போல நின்றாள்.

கேட்பதா வேண்டாமா என்று யோசித்தார். கேட்டே விட்டார்.

"இன்னிக்கு இருபத்தேழு நடை அம்மிணி. இருபத்தேழு தடவையும் இறங்கிச் சுத்தி வந்தேன். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் யாராச்சும் இருக்கணுமே? யாருமே இல்லை."

கோகிலவாணி சாவியைக் கருப்புக் கயிற்றோடு அவர் கழுத்தில் போட்டாள்.

"அதப் பாக்கத்தானுங்களே போனீங்க."