எலுமிச்சம்பழம் ஆகாத பெட்டி

ஒரு ஊர்ல ஒரு அடுக்குமாடி. அதுல மூணாவது மாடியில குஞ்சம்மான்னு ஒருத்தி. காத்தடிச்சாக்கூட, இதை யார் ஏவிவிட்டதுன்னு கேக்கிற ரகம். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அவ பால்கனித் தொட்டியில ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி வெச்சிருந்தா. புள்ள மாதிரி வளத்தா. அது திடீர்னு வாட ஆரம்பிச்சுது. எப்போ? எதிர்வீட்டுக்கு எஸ்தர்னு ஒரு நர்சுப் பொண்ணு குடிவந்தாளே, சரியா அந்த வாரம்! வரும்போதே ஒரு பெட்டியோட வந்தா. மூடியெல்லாம் ஓட்டை. காது வெச்சுக் கேட்டா உள்ள சரசர... சரசர...

அப்புறம் அந்தப் பொண்ணு, "காய்கறித் தோல் இருந்தா குடுங்கக்கா"ன்னு வந்து நின்னா. குஞ்சம்மா, பிழிஞ்ச எலுமிச்சை மூடியை நீட்டினா.

"ஐயோ, இது அதுக்கு ஆகாதுக்கா."

மறுநாள் மீந்த பொரியல். "உப்பு இருக்கே, ஆகாதுக்கா." மூணாம் நாள் பச்சமிளகா. "காரமும் ஆகாதுக்கா."

எலுமிச்சை, உப்பு, மிளகா. நம்ம வீட்ல எதை வெச்சு திருஷ்டி கழிக்கிறோம்? ம்... அதேதான்! குஞ்சம்மா முடிவே பண்ணிட்டா. 'பொட்டிக்குள்ள பேய் வளக்கிறா. அதுதான் என் செடியைத் திங்குது!'

அப்போ பாரு, அந்தப் பொண்ணே ஒருநாள், "தண்ணி கேன் வரும், வாங்கி வெச்சிடுங்கக்கா"ன்னு சாவியைக் குடுத்துட்டு வேலைக்குப் போனா. போதாதா? குஞ்சம்மா கை நிறைய உப்பும் மிளகாத்தூளும் அள்ளிக்கிட்டு உள்ள போனா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, மூடியைத் தூக்கி, தொபுக்! கண்ணைத் திறந்தா, நெளுநெளுன்னு அத்தனையும் மண்புழு. துடிக்குது.

"ஆத்தாடி!"

போனை மறந்துட்டுப் போய்த் திரும்பி வந்த எஸ்தர் தடதடன்னு ஓடி வந்தா. "என்னக்கா பண்ணீங்க? உப்புப் பட்டா செத்துடும்!"

"என் செடிக்கு என்னடி வெச்சே?"

"உங்க செடி வாடுதேன்னு அதுக்கும் சேத்துத்தான்க்கா எரு பண்றேன். இந்தப் புழுவெல்லாம் தோலைத் தின்னு எருவாக்கிடும்." சொல்லும்போதே அழுதுட்டா.

குஞ்சம்மாவுக்கு வெக்கமாப் போச்சு. புழுன்னாலே குலை நடுங்கும் அவளுக்கு. ஆனாலும் கையை உள்ள விட்டா. ஒண்ணொண்ணா எடுத்துத் தண்ணியில அலசினா. விரலெல்லாம் மிளகா எரிச்சல். பாதி செத்துப்போச்சு, பாதி பொழைச்சுது.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

அப்புறம் ரெண்டு மூணு மாசத்துல எரு ஆச்சு, செடியும் துளிர்த்துது. இப்போ குஞ்சம்மாதான் கூடையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா தோல் கேக்கிறா. ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்தவ எலுமிச்சை மூடியை நீட்டினா.

"ஐயோ, அது ஆகாதும்மா. உப்பும் மிளகாவும்கூட ஆகாது."

அவ குஞ்சம்மாவை மேலயும் கீழயும் பாத்தா. அப்புறம் கதவைப் படார்னு சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுக்கிட்டாளாம்.

கதை பெட்டிக்குள்ள போயாச்சு, மூடியும் போட்டாச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.