பூசணிக்காய் மகாராஜாவின் நகர்வலம்

அரசர்களுக்கு வேட்டை அலுத்துப்போனால் நாட்டியம் பார்ப்பார்கள். நாட்டியமும் அலுத்துப்போனால் பக்கத்து நாட்டின்மேல் படையெடுப்பார்கள். மருதபுரி மன்னர் செண்டலங்காரருக்குப் படையெடுப்பும் அலுத்துப்போயிற்று. அதனால் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

மருதபுரியில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. அரண்மனைக்கு எதிரிலேயே ஆய்வு மண்டபம் இருந்தது. ஏரி மதகுக்கு எவ்வளவு கனமான பலகை வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். வட்டத்தைச் சதுரமாக்க முயன்று மனைவியிடம் திட்டு வாங்குபவர் இன்னொருவர். தவளை ஏன் கத்துகிறது என்று ஆராய்ந்தவரும் உண்டு. அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார், யாரும் கேட்கத்தான் இல்லை.

மண்டபத்துக்கு ஒரே விதி. எந்த ஆய்வானாலும் இரண்டு பேர் படித்துப் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆய்வு அல்ல, வெறும் ஓலை. விதியைப் போட்டவர் மன்னரின் தாத்தா. அதனால் மன்னராலும் அதில் கை வைக்க முடியாது.

மன்னர் எடுத்துக்கொண்டது அரசியல் ஆய்வு. ஈட்டிக்காரர்கள் புடைசூழப் பல்லக்கில் தெருத்தெருவாகப் போனார். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "என் ஆட்சியில் மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மன்னர் திரும்பி வந்து முடிவை எழுதினார்: மக்களுக்கு ஒரு குறையும் இல்லை; ஆகவே இனிமேல் குறைகேட்கும் நாள் தேவையில்லை.

மண்டபத் தலைவர் அகோர பண்டிதர் உடனே முத்திரை வைத்துவிட்டார். அடுத்த முத்திரைக்காக ஓலை உமையாளிடம் போயிற்று. அரசியல் நூல்களில் அவளை மிஞ்ச அந்த நாட்டில் ஆள் கிடையாது. அவள் ஓலையை முழுவதும் படித்தாள். 'ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லாததால் முடிவை ஏற்க இயலவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சபைக்கு அவளை வரவழைத்தார் மன்னர்.

"எனக்கு ஒப்பீடா? நான் நிகரில்லாதவன் என்று என் புலவர்கள் தினமும் பாடுகிறார்களே, உன் காதில் விழவில்லையா?"

"விழுந்தது மகாராஜா. அது பாட்டு. இது ஆய்வு."

"முத்திரை வை. இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ!"

"போகிறேன் மகாராஜா."

இந்த இடத்தில் எனக்கு உமையாளைக் கும்பிடத் தோன்றுகிறது. சொல்லிவிட்டாளே தவிர, போவதற்கு அவளுக்கு வேறு இடமில்லை. பிறந்தது இந்த ஊர்தான், படித்ததும் இந்த மண்டபத்தில்தான்.

அப்போது கூத்தபிரான் எழுந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் சபையில் அவன் வேலை.

"மகாராஜா, அவள் கேட்ட ஒப்பீட்டை நானே செய்து காட்டுகிறேன். அதே பல்லக்கு, அதே ஈட்டிக்காரர்கள், அதே கேள்வி. நீங்கள் மட்டும் வரவேண்டாம்."

"பிறகு பல்லக்கில் யார்?"

"உங்கள் கால் தூசிக்குப் பெறாத யாராவது. அப்போதுதானே உங்கள் பெருமை தெரியும்?"

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. "சரி, அடுத்த சபை வரை இவள் இருக்கட்டும். உன் ஆய்வு தேறாவிட்டால் நீயும் இவளோடு மூட்டை கட்டு."

கூத்தபிரான் நேராக மடைப்பள்ளிக்குப் போய் ஒரு பூசணிக்காயை எடுத்துவந்தான். அதற்குப் பட்டுச் சுற்றிப் பல்லக்கில் உட்கார வைத்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று திரையையும் விலக்கிவிட்டான். ஊர்வலம் கிளம்பியது.

"பூசணிக்காய் மகாராஜாவின் ஆட்சியில் மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று கேட்டான் முன்னால் போன ஈட்டிக்காரன்.

எண்ணெய் விற்பவர் பல்லக்கைப் பார்த்தார். ஈட்டியைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷமா இருக்கோம் சாமி. இவரு வந்தப்புறம் மழைகூட நேரத்துக்குப் பெய்யுது."

கீரைக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். "எங்க மகராசன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்றாள். நூறு வருஷம் இருக்கும் பூசணிக்காயை நான் பார்த்ததில்லை. ஈட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு இல்லை.

அடுத்த சபை கூடியது.

"என்ன ஆயிற்று?" என்றார் மன்னர்.

"எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் மகாராஜா. ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை."

"பல்லக்கில் யார் இருந்தது?"

"பூசணிக்காய்."

மன்னர் எழுந்துவிட்டார்.

"அப்படியென்றால் நானும் பூசணிக்காயும் ஒன்றா?"

"அப்படிச் சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை மகாராஜா. ஜனங்கள் பல்லக்குக்குப் பதில் சொல்லவில்லை, ஈட்டிக்குத்தான் சொன்னார்கள். அது மட்டும்தான் தெரிகிறது."

மன்னர் மீசையை முறுக்கினார். சட்டென்று ஒரு பிடி கிடைத்தது.

"முத்திரை எங்கே? உமையாள் உனக்கு வைத்திருப்பாள். இன்னொன்று? அது இல்லாவிட்டால் இருவரும் இப்போதே கிளம்பலாம்!"

"உமையாள்கூட லேசில் வைக்கவில்லை மகாராஜா. இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். இன்னொரு முத்திரை இதோ."

மன்னர் ஓலையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அகோர பண்டிதரின் முத்திரை.

"பண்டிதரே! என் ஆய்வுக்கும் வைத்தீர். அது செல்லாது என்று சொல்லும் ஆய்வுக்கும் வைத்திருக்கிறீர். இரண்டையும் படித்தீரா?"

பண்டிதர் தூணைப் பார்த்தார். "படிக்க எங்கே நேரம் மகாராஜா?"

"கூத்தபிரான், இவரிடம் எப்படி வாங்கினாய்? என்ன கொடுத்தாய்?"

"ஒன்றும் கொடுக்கவில்லை மகாராஜா. போகும்போது ஈட்டிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்."

மன்னர் ஈட்டிக்காரர்களைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, குறைகேட்கும் நாள் எப்போதும்போல நடக்கும் என்றும், அன்று ஈட்டிக்காரர்கள் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். பண்டிதரிடமிருந்து தலைவர் பதவியை வாங்கி, அங்கேயே உமையாளுக்குக் கொடுத்தார்.

உமையாள் பணிவாகக் கும்பிட்டுப் பதவியை ஏற்றுக்கொண்டாள். ஏற்ற கையோடு, மன்னரின் ஓலையை எடுத்துத் திருத்தி எழுதிவரும்படி அவரிடமே கொடுத்துவிட்டாள்.