உப்பரிகைக்குக் கீழே ஒரு துப்பாக்கி

இரட்டைமலைப் பாளையத்து அரண்மனை விதூஷகர் சடகோபர். அவரைப் பெரிய புத்திசாலி என்று நம்பியவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் அவரே. இன்னொருவர் அவரைப் பெற்ற தாயார், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

அந்தச் சமயம் ராஜா திருமேனி நாயக்கரைக் கொல்லச் சதி நடப்பதாகப் பேச்சு. வேவுக்காரர்கள் யார்மேல் சந்தேகப்பட்டார்களோ, அவர்கள் கோட்டைக்குள் நுழையக்கூடாது. ஆனால் கடைவீதியில் தாராளமாகத் துப்பாக்கி வாங்கலாம்!

"அதையும் தடுக்க வேண்டும்" என்றார் தளபதி.

"சந்தேகம் குற்றமாகுமா? நிரூபணம் வரட்டும், அப்புறம் தடுக்கலாம்" என்றார் பிரதானி வரதப்பர்.

ராஜா பிரதானி பக்கம் தலையாட்டினார். அவர் ஆட்டியதால் சடகோபரும் ஆட்டினார்.

மறுநாள் கோட்டை வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"உள்ள விட உத்தரவில்லீங்க. உங்க மேல சந்தேகமாம்."

"என் மேலயா? என்ன சந்தேகம்?"

"அது எனக்கும் சொல்லலீங்க."

ராஜாவிடம் முறையிடலாமென்றால் உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்கள். சபை போனால் சோறும் போச்சு. மூளையைக் கசக்கினார், ஒன்றும் வரவில்லை. கால் போன போக்கில் கடைவீதிக்குப் போனார். "வாங்க சாமி, வாங்க!" என்று துப்பாக்கிக் கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். அரண்மனையைவிட அங்கே மரியாதை அதிகம். அப்போதுதான் அவருக்கு யோசனை வந்தது.

அடுத்த நாள் காலை, கோட்டை மதில்மேல் ராஜா ஜனங்களுக்குத் தரிசனம் தரும் உப்பரிகைக்கு நேர் எதிரே, வெளித் தெருவில் சடகோபர் துப்பாக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிற மனிதர்! துப்பாக்கியில் மருந்துகூட இல்லை. அதை எந்தப் பக்கம் போடுவது என்றே அவருக்குத் தெரியாது. காவலர்கள் ஓடி வந்தார்கள். "சட்டப்படி வாங்கியதப்பா" என்றதும் திருதிருவென்று விழித்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல் வந்தது.

"ஓய் சடகோபரே! அந்தச் சனியனைக் கீழே போடும்!"

"ஏன் மகாராஜா? என்மேல் இருப்பது வெறும் சந்தேகம்தானே?"

"கையில் துப்பாக்கி இருக்கிறதே ஐயா!"

"நிரூபணம் வரும் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது தங்கள் தீர்ப்பு. கொஞ்சம் முன்னால் வந்து நில்லுங்கள் மகாராஜா. நிரூபணம் வந்துவிடும்."

ராஜாவுக்குப் பின்னால் நின்ற பிரதானி இன்னும் நாலடி உள்ளே நகர்ந்தார்.

"இனிமேல் சந்தேகத்துக்கு ஆளானவனுக்குத் துப்பாக்கி கிடையாது!" என்று ராஜா கத்தினார்.

"சரியான உத்தரவு. அப்படியே, சந்தேகம் ஏன் என்று அவனுக்குச் சொல்லி, அவன் பதிலையும் உடனே கேட்டுவிடுங்கள். என்னிடமிருந்தே ஆரம்பிக்கலாம்." சடகோபர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

ராஜா வெளியே வந்து வேவுக்காரனைக் கூப்பிட்டார். அவன், "மகாராஜா சபையில் தம் பாடல்களைப் படித்தபோது, இவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சதி யோசித்தார்" என்றான்.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தலை போகும். சடகோபர் தலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

"சதியெல்லாம் இல்லை மகாராஜா. தூங்கிவிட்டேன். குறட்டைகூட விட்டேனாம்."

"அடப்பாவி, அந்தச் சத்தம் நீர்தானா? யாரோ உருகி விம்முகிறார் என்று நினைத்தல்லவா இன்னும் பத்துப் பாட்டு சேர்த்துப் படித்தேன்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையில் சடகோபருக்குப் பழைய இடமும் கிடைத்தது. அந்தப் பத்துப் பாட்டையும் விழித்திருந்து கேட்ட தளபதி மட்டும் சிரிக்கவில்லை.

"மகாராஜா, அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் இப்படிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.