பன்றிக்குச் செய்த துப்பாக்கி

தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். ஆகவே காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்துவிடாதீர்கள்.

வேங்கைமலைச் சீமையில் ஒரு காலத்தில் காட்டுப்பன்றிகள் ஆட்களைவிட நன்றாகச் சாப்பிட்டன. தினையும் கடலையும் அவற்றுக்கே போயின. விரட்டுவதற்குத் துப்பாக்கி செய்யச் சொல்லி ராஜா பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார். நாளைக்கு எவனாவது மனிதனைச் சுட்டுவிட்டால் எங்கள் தலை அல்லவா உருளும் என்று அவர்கள் பின்வாங்கினார்கள். ராஜா வாக்குக் கொடுத்தார்: பயிர்க்காவலுக்கான துப்பாக்கி செய்து, அனுமதி பெற்ற கடைக்கு விற்பவன் மேல், பிறகு யார் என்ன குற்றம் செய்தாலும் வழக்கு நில்லாது. கடைக்காரன் அதைப் பயிர்க் காவல்காரர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். மலையடிவாரமெங்கும் பரண்கள் எழுந்தன. பரண்மேல் உட்கார்ந்திருப்பவன், மார்பு உயரம் இருக்கும் துப்பாக்கியை நீட்டி ஒரு வெடி போட்டால் அடுத்த ஊர்ப் பன்றியும் ஓட்டம் பிடிக்கும்.

பன்றிகள் மெலிந்தன, திருமேனிநாதர் பெருத்தார். சீமையிலேயே பெரிய துப்பாக்கிப் பட்டறை அவருடையது. கோயிலுக்கு வெள்ளி விளக்கு, மடத்துக்கு அன்னதானம் என்று, நல்ல பெயர் என்ன விலைக்குக் கிடைக்குமோ அந்த விலையைத் தயங்காமல் கொடுத்தார்.

பேராச்சிக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. அவள் இருந்தது கடலோரத்து உப்புக்கரையில். எங்கு பார்த்தாலும் உப்பளம். தலைக்கு வைக்க ஒரு பூ முளைக்காத மண். பன்றிகூட எட்டிப் பார்க்காது. அந்த ஊரில்தான் குப்பாண்டி என்பவன் துப்பாக்கிக் கடை வைத்திருந்தான். வியாபாரம் ஓஹோவென்று நடந்தது.

அவள் புருஷன் உலகமுத்து உப்பு மூட்டைகளுக்குக் காவல் இருந்தான். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், கொம்பன் என்ற வழிப்பறிக்காரன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். உலகமுத்து குனிந்து அடுப்பை ஊதினான். குனிந்தவன் முதுகில் சுட்டுவிட்டு, மூட்டை வண்டியோடு போய்விட்டான் கொம்பன். உலகமுத்து சாகவில்லை, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பேராச்சி உப்பளத்துக்குப் போனால் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லை, முதுகு புண்ணாகிறது. வீட்டில் இருந்தால் உலை ஏறாது.

கொம்பனைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். அவனுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். அதை அவனுக்கு விற்ற குப்பாண்டியைச் சிறையில் தள்ளினார்கள். அவனுடைய கடையும் வீடும் அதற்குள் எப்படியோ மைத்துனன் பெயருக்கு மாறியிருந்தன. பேராச்சி புருஷனைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு நியாய சபைக்கு வந்து, துப்பாக்கியில் பொறித்திருந்த பட்டறைப் பெயரை விசாரித்து, திருமேனிநாதர் மேல் பிராது கொடுத்தாள்.

"அவரு பட்டறையில செஞ்ச துப்பாக்கி, சாமி. இவரு உசுரோட இருக்கிற மட்டும் சோறும், பார்த்துக்க ஒரு ஆளும் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

திருமேனிநாதர் சந்தனம் மணக்க வந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, வருத்தம் வந்தது. அரிவாள் அடித்தவனையும் கயிறு திரித்தவனையும் யாராவது சபைக்கு இழுத்ததுண்டா என்று கேட்டார். தாம் விற்றது அனுமதி பெற்ற கடைக்கு, அதற்குமேல் கடைக்காரன் பாடு என்றார். ராஜாவின் வாக்கைப் பணிவோடு நினைவூட்டினார். கடைசியில் கட்டிலைப் பார்த்து "பாவம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது பேராச்சிக்கு.

முன்பின் தெரியாதவனை ஏன் அவ்வளவு கிட்டே வரவிட்டாய் என்று நியாயாதிபதி உலகமுத்துவைக் கேட்டார்.

"வெறுங்கையோடதான் வந்தான், சாமி. ரெண்டு கையையும் நான் பார்த்தேனே."

கொம்பனின் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள். முழங்கை நீளம்கூட இல்லை. கடைக்காரன் குழலை அறுத்திருப்பானோ என்று நியாயாதிபதி சந்தேகப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திருமேனிநாதர் தம் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனிதரோ தம் சரக்கைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"அறுத்த குழல்னா வாய் பிசிறா இருக்கும். வெரல விட்டுப் பாருங்க. இது என் பட்டறையிலயே இந்த அளவுக்கு அடிச்சது. உப்புக்கரைக்குப் போறது எல்லாமே இந்த அளவுதான்."

அதோடு விடவில்லை. துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகி, மேல்துண்டைச் சரித்துவிட்டு, சபையில் ஒரு சுற்று நடந்து காட்டினார். இருப்பதே தெரியவில்லை. வேலைப்பாட்டை மெச்சிச் சிலர் தலையசைத்தார்கள். பேராச்சி அவருடைய இரண்டு வெறுங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சுட்டவன் கொம்பன். சட்டத்தை மீறி விற்றவன் குப்பாண்டி. திருமேனிநாதர் விற்றது அனுமதி பெற்ற கடைக்கு. ராஜா கொடுத்த வாக்கை நியாயாதிபதி மீறவும் கூடாது. அப்படியானால் உலகமுத்துவுக்குச் சோறு போட வேண்டியவர் யார்?

திருமேனிநாதர்தான். ராஜா காப்பதாகச் சொன்னது பயிர்க்காவல் துப்பாக்கி செய்தவனை. பரணில் இருப்பவன் துப்பாக்கியைப் பன்றிக்குத் தெரியாமல் இடுப்பில் ஒளிக்க வேண்டியதில்லை. மனிதனை நெருங்குகிறவனுக்குத்தான் அது தேவை. பயிரே இல்லாத ஊருக்கு, மறைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்து அனுப்பியவருக்கு, குப்பாண்டி யாருக்கு விற்பான் என்று தெரியாது என்றால் நம்புவதற்கு ஆள் வேண்டும். அவர் செய்தது ராஜா சொன்ன துப்பாக்கியே அல்ல. ஆகவே ராஜாவின் வாக்கு அவரைச் சேராது. சோறும் ஆளும் அவர் பொறுப்பு என்றும், குப்பாண்டியின் பங்கை அந்த மைத்துனனிடம் அவரே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பானது. வெளியே போகும்போது திருமேனிநாதர் மறுபடியும் "பாவம்" என்றார். இந்த முறை தம்மைச் சொல்லிக்கொண்டார். பேராச்சி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கட்டிலருகில் உட்கார்ந்து, புருஷனை மெதுவாக மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.