ராஜா நடந்த புல்தரை

ஒரே தடவைதான் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மழையில் எனக்கே தொண்டை கட்டிக் கிடக்கிறது.

வெகு காலத்துக்கு முன்னால், வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஒரு மலைநாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டார். அரண்மனைக்கு முன்னால் பெரிய புல்தரை. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை ஓயும்வரை தினமும் காலையில் ராஜா அதில் வெறுங்காலோடு ஏழு சுற்று நடப்பார். மழைக்குச் செய்கிற மரியாதையாம். பின்னால் குடை பிடிக்கிறவன், சங்கு ஊதுகிறவன், சும்மா வருகிறவன் என்று நாற்பது பேர்! பாட்டன் காலத்து வழக்கம். ஏன் என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

ஊறிக் கிடக்கிற மண்ணை எண்பத்திரண்டு கால் மிதித்தால் என்ன ஆகும்? மண் இறுகும், தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். தை மாதத்தில் பார்த்தால் பாசியும் சேறும்தான்.

முதல் வருஷம் காரி என்பவன் தோட்டக்காரன். புல் தேறட்டும் என்று கொட்டுகிற மழையிலும் அறுத்தான். தேறவில்லை. “புல்லைக் கெடுத்தவன் மலையை விட்டு இறங்கட்டும்” என்றார் ராஜா. இறங்கினான்.

இரண்டாம் வருஷம் அவன் தங்கை புருஷன் நன்னன் வந்தான். கூடை கூடையாக எரு போட்டான். மழை அத்தனையும் அடித்துக்கொண்டு போனது. அவனும் இறங்கினான்.

மூன்றாம் வருஷம் வந்தவள் பூதி. காரியின் தங்கை, நன்னனின் பெண்சாதி. அண்ணனும் போய், கட்டினவனும் போய், பாவம், அலுத்துப் போயிருந்தாள். பயப்படுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஐப்பசி முதல் நாள் புல்தரையின் நடுவே முள்வேலி போட்டாள்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என் புல்லில் நான் நடக்கக் கூடாதா?”

“அந்தப் பாதி உங்களுக்கு, மகாராஜா. இந்தப் பாதியை மட்டும் தைவரைக்கும் என்னிடம் விடுங்கள். கெட்டால் நானே இறங்கிப் போகிறேன்” என்றாள்.

சரி, பார்த்துவிடலாம் என்றார் ராஜா.

பூதி ஓரமாகச் சின்ன வாய்க்கால் வெட்டித் தேங்கின தண்ணீரை வடித்தாள். வெளியே நின்றபடியே நீளக் கழியால் உதிர்ந்த இலைகளை வழித்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். அறுக்கவில்லை, எரு போடவில்லை, மிதிக்கவில்லை. புல் காடாக வளர்ந்தது. நாற்பது பேரும் தினமும் அந்தப் பக்கமாகப் போகும்போது சிரித்தார்கள். அவளோ, கீழே எங்கேயோ நன்னன் சாப்பிட்டானோ என்னவோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் மழை விட்டது. மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தாள், ஒட்டாமல் உதிர்ந்தது. அப்போதுதான் அரிவாளை எடுத்தாள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல், நாலைந்து நாள் விட்டு விட்டு, மூன்று தடவையாக நுனி நுனியாக அறுத்தாள்.

தை பிறந்தது. அவள் பாதி பச்சைப் பசேல் என்றிருந்தது. ராஜா பாதி சேறு. அந்தச் சேறு காய்ந்து, வட்டமாக ஒரு தடம் இறுகிக் கிடந்தது.

“கெடுத்தவன் எவன்? மலையை விட்டு இறக்குங்கள்!” என்று பழக்கதோஷத்தில் கத்தினார் ராஜா.

பூதி அந்தத் தடத்தைக் காட்டினாள். கடைசி நாள் நடை நின்ற இடத்தில், எல்லாருக்கும் முன்னால் பதிந்திருந்த பாதத்தில் காலை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

ராஜா வைத்தார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

“அண்ணன் கெடுக்கவில்லை, மகாராஜா. என் வீட்டுக்காரரும் கெடுக்கவில்லை” என்றாள் பூதி. சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, “கெடுத்தவன் இறங்கத்தான் வேண்டும்” என்று சொல்லிவிட்டு, குடையில்லாமல், சங்கில்லாமல், தன்னந்தனியாக மலையை விட்டு இறங்கினார்.

மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருக்கு முன்னால் காரியும் நன்னனும் வந்தார்கள். நன்னன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், அத்தனை நாள் அழாத பூதி அப்போதுதான் அழுதாள்.

கதை இவ்வளவுதான், எழுந்து போய்த் தூங்குங்கள்: ஒன்று கெட்டுப்போனால், அடுத்தவனைத் துரத்துவதற்கு முன்னால் நம் கால் எங்கே மிதித்தது என்று பார்க்க வேண்டும்.