நீல ரெக்சின் சுற்றிய துப்பாக்கி

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஈரச் சாக்கை எடுத்து யாரோ தகரத்தின் மேல் ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம். பிரிசில்லா குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த நான்கு வயது ஐரின், "அம்மா, எறும்பு கடிச்சிருச்சு" என்றாள். குனிந்து பார்த்தால் பாவாடையெல்லாம் ரத்தம்.

பிரிசில்லா கத்துவதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்து வேதமுத்து வாசலில் நின்றான். "பிள்ளையைத் தூக்கு தங்கச்சி, சீக்கிரம்!" அவனுடைய ஓட்டை ஜீப்பின் பின்சீட்டில், கிழிந்து தொங்கிய நீல ரெக்சின் மேல் குழந்தையைக் கிடத்திக்கொண்டு, அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே அவள் மலை இறங்கினாள்.

டாக்டர் தொடையிலிருந்து எடுத்தது குடைக்கம்பித் துண்டுகள். அந்த மலையில் பன்றி சுடுகிறவர்கள் நாட்டுத் துப்பாக்கிக்குள் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைத்தான் திணிப்பார்கள். குடைக்கம்பியை நறுக்கிப் போடுகிறவன் யார்? ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஐரின் பிழைத்தாள். காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்.

அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. மரகதவல்லி இதற்கு வெகுநாள் முன்பிருந்தே துப்பாக்கிக்கு எதிராகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தவர். சட்டசபையில் பேசினார், அந்த மலையில் துப்பாக்கியே கிடையாது என்று பதில் வந்தது. மலையேறி வந்து கூட்டம் போட்டார். ஜனங்கள் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு, "இங்க ஏதுங்கம்மா துப்பாக்கி? பன்னி வந்தா பட்டாசு போடுவோம்" என்றார்கள். "அந்தப் பட்டாசு ஒண்ணு எங்கண்ணுக்குக் காட்டுங்களேன்" என்றார் எம்.எல்.ஏ. சிரித்தார்களே ஒழிய ஒருவரும் அசையவில்லை. அவர் கார் வளைவு திரும்புவதற்குள் காட்டில் வெடிச்சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்து ஐரினைப் பார்த்தபோது அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிரிசில்லாவின் கையைப் பிடித்து, "சுட்டவனைக் கண்டுபிடிச்சு உன் முன்னால நிறுத்தறேன் கண்ணு. இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனங்கள் துப்பாக்கியை விரும்பி வைத்திருக்கவில்லை, வழக்குக்குப் பயந்துதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. போலீசிடம் பேசி, தாமாக ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கில்லை என்று ஒத்துக்கொள்ள வைத்தார். ஊர் நம்பவில்லை. "கற்பூரம் அடிச்சுச் சொல்லுங்க, நம்பறோம்" என்றது கூட்டம். மரகதவல்லி மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்: "பழைய பஸ் ஷெட்டுல கொண்டாந்து போட்டுட்டுப் போங்க. எது யாருதுன்னு நானும் கேக்க மாட்டேன், வேற யாரையும் கேக்க விடமாட்டேன்."

இடுப்பில் குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் பிரிசில்லாவும் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் எம்.எல்.ஏ.வின் நினைவில் இல்லை.

மறுநாள் காலை ஷெட் முழுக்கத் துப்பாக்கி. சாக்கில் சுற்றியது, பழம்புடவையில் சுற்றியது. ஒன்று மட்டும் நீல ரெக்சினில் சுற்றியிருந்தது. அதோடு கிடந்த வெடிமருந்துப் பையை இன்ஸ்பெக்டர் உதறியபோது குடைக்கம்பித் துண்டுகள் கொட்டின.

"மேடம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளைத் தூக்கிருவேன்."

"கேக்கக் கூடாது சார்."

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நின்ற பிரிசில்லா ரெக்சினைப் பார்த்தாள். ஜீப்பில் சாய்ந்து நின்ற வேதமுத்துவைப் பார்த்தாள். தான் கத்தும் முன்பே அவன் எப்படி வாசலுக்கு வந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நேரே எம்.எல்.ஏ.விடம் போனாள்.

"எனக்குக் குடுத்த வாக்கு என்னம்மா ஆச்சு?"

மரகதவல்லியின் முகம் வெளிறியது. "குடுத்தேன் கண்ணு. அதை மறந்துட்டு இங்க இன்னொண்ணும் குடுத்துட்டேன்."

"யாருதுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

"நீயா சொன்னா தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா மேல்மலை ஊருக்காரங்க இப்பத்தான் துப்பாக்கிய மூட்டை கட்டறாங்க. இங்க ஒருத்தனைப் பிடிச்சாங்கன்னு கேட்டா அத்தனையும் மறுபடி காட்டுக்குள்ள போயிரும். அங்கேயும் வாசப்படில பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

"என் பிள்ளை கால் இழுத்துட்டு நடக்குதும்மா!" என்று பிரிசில்லா கத்தினாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பெயரைச் சொல்லவில்லை. மேல்மலைத் துப்பாக்கிகளும் இறங்கி வந்தன.

இப்போது சொல்லுங்கள். தாய்க்குக் கொடுத்த வாக்கை விட்டுக் கற்பூரச் சத்தியத்தைக் காத்த எம்.எல்.ஏ., தெரிந்தும் சொல்லாத தாய், சத்தியத்தை நம்பித் துப்பாக்கியைக் கொண்டுவந்து போட்ட வேதமுத்து: இதில் யார் செய்தது சரி?

விடை: மரகதவல்லி கேட்காதது சரி, ஆஸ்பத்திரியில் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்ததுதான் பிசகு. பிரிசில்லா அடுத்தவர் பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொண்டதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. வேதமுத்து துப்பாக்கியைப் போட்டது வரைக்கும் சரி. ஆனால் கற்பூரம் அடைத்தது கேட்கிறவர்கள் வாயை மட்டும்தான். அவன் வாயை யாரும் அடைக்கவில்லை. இரண்டு வாக்கும் பிழைக்க ஒரே வழி, அவனாக வந்து அந்தத் தாய் முன்னால் நிற்பது. பிரிசில்லாவும் அதற்காகவே காத்திருந்தாள். அவன் வந்தான். "டவுனுக்குப் போறேன் தங்கச்சி, பாப்பாவுக்கு மருந்து ஏதாச்சும் வாங்கணுமா?" என்றான். "வேண்டாம். வேற ஏதாவது சொல்லணுமாண்ணே?" என்று கேட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். "என்னத்தச் சொல்ல? மழை வரும்போல இருக்கு" என்றான். பிரிசில்லா கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.